மரவந்தேயில் ஒரு ஊஞ்சல்

கல்பகம் கடலைப் பார்த்ததில்லை. லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, செகந்திராபாத்திலேயே படித்து, நாச்சாரத்துக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடல் எங்கிருந்து கிடைக்கும்? ஒரு ஏரியை வெட்டிவிட்டு அதற்கு, கடல் என்று அர்த்தம் வர, ஹுசேன் சாகர் என்று பெயர் வைத்தவர்கள் மேல் அவளுக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. அந்த ஏரிக்கரை டாங்க் பண்ட் பக்கம் பஸ் போனால் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவாள்.

அவள் புருஷன் பத்மநாபனுக்கு ஒரு மத்திய அரசுக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. அங்கே எல்.டி.சி. என்று ஒரு வரம் உண்டு. குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வரக் கம்பெனியே பயணச் செலவைக் கொடுக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் இந்தியாவில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போகலாம். பத்மநாபனுக்கு எந்த மூலையும் நாமக்கல்தான். எந்த எல்.டி.சி. வந்தாலும் அம்மாவைப் பார்க்க நாமக்கல். கல்பகம் அங்கே கிணற்றைத்தான் பார்த்தாள்.

எண்பத்து மூன்றில் எப்படியோ மனுஷனை மசிய வைத்தாள். தசரா லீவில் மங்களூரில் இறங்கி, கடலோரமாகவே பஸ்ஸில் கார்வார் வரை போவது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து மகள் வேதாவின் ஸ்கூல் அட்லஸ் கல்பகத்தின் மடியை விட்டு இறங்கவில்லை. கடற்கரையைப் பொறுக்குவது புடவைக் கடையில் புடவை பொறுக்குவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. உள்ளாலா, மால்பேயா? காப்பு என்கிற ஊரில் கலங்கரை விளக்கம் இருக்கிறதாம், ஆனால் படி ஏற முழங்கால் இடம் கொடுக்குமா? பத்மநாபன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சாமி இருக்கற கடலாப் பாரு. கோகர்ணம், முருடேஸ்வரம். வேற கடல்ல என்ன இருக்கு, உப்புதானே?" என்றார்.

அடுத்த வீட்டு பியூலாதான் மரவந்தேயைச் சொன்னவள். அவள் புருஷன் கிதியோனும் அதே கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அந்தக் கரையோரமெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

"மத்ததெல்லாம் நக்கோ, வேண்டாம், கல்பகம். மரவந்தே போங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஆறு. பஸ்ல உக்காந்து எந்தப் பக்கம் பாக்கறதுன்னு கழுத்தே வலிச்சுப்போச்சு எங்களுக்கு."

அந்த ஒரு வாக்கியத்தில் கல்பகம் விழுந்தாள். கோகர்ணத்தைப் புருஷனுக்கு விட்டுக்கொடுத்தாள், மால்பேயை வேதாவுக்குக் கொடுத்தாள், மரவந்தேயைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதற்காக அந்த வருஷம் கொலுகூட வேண்டாமென்று பொம்மைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலனியில் தமிழ்க் குடும்பம் ஒன்று பாக்கியில்லாமல் வந்து ஏன் ஏன் என்று கேட்டது. கடல் பார்க்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் வாய் நிறையச் சொன்னாள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், எத்தனையோ வருஷமாகப் பதிந்துவைத்துக் காத்திருந்த ஸ்கூட்டருக்கு முறை வந்து தொலைந்தது. எல்.டி.சி. அட்வான்ஸ் முழுவதும் அதற்குப் போய்விட்டது. சாப்பிடும்போது பத்மநாபன் அதைச் சொன்னார். போகாமலே போனதாக பில் போட்டுக் கொடுக்க ஒரு பஸ் ஏஜென்ட் இருக்கிறாராம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானாம்.

"நாலு வருஷத்துல மறுபடி வரும்டி. கடல் எங்க ஓடிடப்போறது?"

"நான் ஓடிடுவேன்," என்றாள் கல்பகம். சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தையும் போட்டாள். போட்ட கையை அப்படியே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆனால் காலனி முழுக்க ஆபீஸ்காரர்கள். லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் சீட்டு கிழிந்துவிடும். சொந்தக்காரர்கள் வீட்டில் போய் இருக்கலாமென்றால் அவர்கள் வாய் ஆல் இந்தியா ரேடியோ. ஆக, பத்மநாபனின் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. எல்லோரும் பார்க்க, பெட்டி படுக்கையோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இருட்டினதும் பின்சந்து வழியாக வந்து, முன்கதவில் பூட்டுத் தொங்கத் தொங்க, கொல்லைக் கதவால் உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார்கள். பத்து நாள். சொந்த வீட்டிலேயே திருடர்கள் மாதிரி.

வீடு என்பது எத்தனை சத்தம் போடுகிற சாமான் என்று கல்பகம் அப்போதுதான் கண்டாள். குக்கர் வைக்கக் கூடாது, விசில் வரும். தாளிக்கக் கூடாது, கடுகு வெடிக்கிற வாசனை பியூலா வீட்டுக்குப் போகும். டிகாக்‌ஷன் வாசனை அதற்கும் மேல் நாலு வீடு தாண்டும். தாளிக்காத ரசத்தையும் ஊறவைத்த அவலையும் வெளிச்சமில்லாத கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழாயைத் திறந்தால் நூலாகத் திறக்க வேண்டும். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால் எதிர்வீட்டுச் சுவரில் ஒரு துண்டு தெரியும். அவளுக்குக் கிடைத்த உலகம் அவ்வளவுதான். அதையும் பத்மநாபன் பார்க்க விடமாட்டார்.

போதாததற்கு அவளே ஒரு வினையை வைத்திருந்தாள். ஊருக்குப் போகிற வீடு என்று காட்ட வேண்டுமே என்று, வாசல் துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி பியூலாவிடம் ஒப்படைத்திருந்தாள். பியூலா தினமும் காலையில் வருவாள். கேட்டைத் திறக்கும் முன்னால் நன்றாக இருமுவாள். அந்த இருமலைக் கேட்டதும் மூன்று பேரும் நின்ற இடத்தில் சிலையாகிவிடுவார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் தண்ணீர் விழும் சத்தம், இந்தப்பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு கல்பகம். பாவம், பியூலாவுக்கு நெஞ்சில் சளி போல என்று நினைத்துக்கொள்வாள்.

பகலில் பாடம் நடக்கும். "இன்னிக்கு எங்க இருக்கோம், சொல்லு?" என்பார் பத்மநாபன், கிசுகிசுப்பாக. திரும்பி வந்ததும் யார் கேட்டாலும் மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே. கல்பகம் அட்லஸைப் பிரித்து, ஆசை ஆசையாகப் பொறுக்கிய அதே கடற்கரைகளைப் பொய்க்காக மறுபடி பொறுக்கினாள். நேற்று மால்பே, இன்று மரவந்தே. ஒவ்வொரு ஊராகச் சொல்லும்போது அது கையைவிட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது. இனி நிஜமாகவே போகிற காலம் வந்தாலும், "அதான் பாத்துட்டோமே" என்பார் இந்த மனுஷன்.

ஒரு சாயங்காலம் வெளியே பெண்கள் பதுக்கம்மா பண்டிகைப் பாட்டுப் பாடிக் கும்மியடித்தார்கள். பார்க் ஊஞ்சல் கிறீச் கிறீச்சென்று கேட்டது. வேதாவுக்குப் பொறுக்கவில்லை. "நேனு வெள்தா, அம்மா," என்று தெலுங்கில் விம்மினாள், நான் போவேன் என்று. பத்மநாபன் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். கல்பகம் அந்தக் கையைத் தட்டிவிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. மரவந்தேல ஒரு ஊஞ்சல் இருக்கு, தெரியுமா? பெரிய புன்னை மரத்துல கட்டியிருக்கு. முன்னால போனா கடல் தெரியும், பின்னால வந்தா ஆறு தெரியும். நீ ஆடறே. நான் தள்ளிவிடறேன்."

வேதா அழுகையை நிறுத்தினாள். கல்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் கட்டின ஒரே ஊஞ்சல் அது.

பத்தாம் நாள் இருட்டில் வெளியேறி, ஸ்டேஷன் பெஞ்சில் விடியவிட்டு, ஆட்டோவில் ஊர்வலமாக வந்து இறங்கினார்கள். உள்ளூர் சுல்தான் பஜாரில் முன்பே வாங்கிவைத்திருந்த சோழிகளைப் பத்மநாபன் கூடத்தில் பரப்பினார். சாயங்காலமே காலனிப் பெண்கள் வந்துவிட்டார்கள்: பியூலா, பகவதி, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த, அதே கம்பெனி இளங்கோவனின் மனைவி கமலா.

பகவதி எடுத்த எடுப்பிலேயே, "என்ன மாமி, கடற்கரைல சுத்திட்டு வந்தா எல்லாரும் கறுப்பாங்க, நீங்க வெளுத்துப்போய் வந்திருக்கீங்க?" என்றாள்.

இருட்டில் கிடந்த உடம்பு காட்டிக்கொடுக்கும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. பியூலா முந்திக்கொண்டு, "எதுக்கு இப்படிக் கேக்கறீங்க? குடை பிடிச்சிட்டே சுத்தியிருப்பாங்க," என்றாள். கல்பகம் அவளை நன்றியோடு பார்த்தாள். அந்த வேகத்தில் மரவந்தேயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அடக்க முடியாமல் ஊஞ்சலும் வந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற பத்மநாபன் முறைத்தார். அது பாடத்தில் இல்லை. பியூலா அங்கே போனவள் ஆயிற்றே, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் கல்பகம்.

பியூலா ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, அந்தப் புன்னை மரத்து ஊஞ்சல். நானும் ஆடினேன். பின்னால போறப்ப ஆத்துல படகு தெரியும்," என்றாள்.

காப்பாற்றினாள் என்றுதான் கல்பகம் முதலில் நினைத்தாள். பியூலா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த இருமல். கேட்டுக்கு வெளியே நின்று, நான் வருகிறேன், அசையாதீர்கள் என்று சொன்ன இருமல். பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவளுக்குத்தானே அது தோன்றும்? அவர்கள் ஊர்சுற்றி வந்த வருஷம்தான் பியூலா வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் வந்தது. கல்பகத்துக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. அடுத்த வீட்டில் ஒருத்தியாவது பார்த்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தானே இத்தனை நாள் கடல் என்று ஒன்று இருந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். பியூலா கல்பகத்தின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். கமலா மட்டும் சோழி ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். தங்களுக்கு டிசம்பரில் எல்.டி.சி. வருகிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். சின்னப் பெண். இவளாவது போகட்டும் என்று கல்பகத்துக்கு ஒரு வெறியே வந்தது.

"கமலா, நீ மரவந்தேக்குப் போ. நிஜமாப் போகணும், தெரிஞ்சுதா? எறங்கிக் கால நனைச்சுட்டு வந்து, எப்படி இருந்ததுன்னு என்கிட்ட வந்து சொல்லு."

கமலா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க, மாமி. அவர்தான் கேட்டுட்டு வரச் சொன்னார். உங்களுக்கு பில் போட்டுக் குடுத்த ஏஜென்ட் யாரு?"

கல்பகத்துக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"என்ன வாங்கப்போறே?"

"ஃபிரிட்ஜ், மாமி."

கல்பகம் ஏஜென்ட்டின் பெயரைச் சொன்னாள், கடை இருக்கும் தெருவையும் சொன்னாள். கமலா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியதும் மறுபடி கூப்பிட்டாள்.

"அந்த ஊஞ்சல மறந்துடாதே. புன்னை மரம். முன்னால கடல், பின்னால ஆறு. யார் கேட்டாலும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்."