கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நெற்றி உண்டு. சரஸ்வதி பூசையன்று திரைக்கு மேலே அம்மா வைக்கும் சந்தனமும் குங்குமமும் அடுத்த சரஸ்வதி பூசை வரை அப்படியே காய்ந்து கிடக்கும். ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டின் கூடத்தில் சும்மா கிடந்த பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதுவும் சாமி மேடைக்குக் கீழே இருந்தது. கம்ப்யூட்டரும் அங்கேயே குடியேறி, ஏறக்குறைய சாமிகளில் ஒன்றாகிவிட்டது.

யாரோ பயன்படுத்திவிட்ட அந்தப் பழசை வாங்கி வந்தவர் அப்பா. சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் புறப்படும்போது, சனிக்கிழமை தோறும் இதில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி திரையில் வரவும் செய்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என்றால் மார்பு வரைக்கும்தான் என்று பழகிப்போயிருந்தது.

அந்த ஆண்டு தீபாவளி நெருங்கும் நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பேசிக்கொண்டே இருப்போம், அப்பா வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிடுவார். மௌஸை எப்படி இழுத்தாலும் திரையில் அம்பு நகராது. மூலையிலிருக்கும் கடிகாரமும் நின்றிருக்கும். அணைத்துப் போட்டு அது கண் விழிப்பதற்குள் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பார்.

அம்மா அவரிடம் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: தீபாவளிக்கு வருகிறாரா, இல்லையா. போன தீபாவளிக்கும் அவர் வரவில்லை. போனில் கேட்டால் என்ன என்றால், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதை முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பார் அம்மா. நேராகவும் கேட்கமாட்டார். என் பரீட்சை, பாசாரில் மீன் விலை, முறுக்குக்கு மாவு அரைத்தது என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அங்கே வருவார். அதற்குள் கம்ப்யூட்டர் நின்றிருக்கும்.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. மழை பெய்தால் நிற்கிறதா, நான் நாற்காலியை ஆட்டினால் நிற்கிறதா என்று வாரக்கணக்கில் துப்பறிந்தேன். கடைசியில், 'எப்போது வருவீர்கள்' என்ற கேள்விதான் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்டுபிடித்திருந்ததோ வேறு. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதே என்று வாயைப் பிளந்தாராம். அன்றே கண் பட்டுவிட்டது.

அதற்கு வைத்தியம் கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் காட்டும் சாம்பிராணியைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக, முன்னும் பின்னும் நிதானமாகக் காட்டத் தொடங்கினார். கம்ப்யூட்டர் இன்னும் அதிகமாக நின்றது. அம்மா இன்னும் அதிகமாகப் புகை போட்டார். செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது.

வேறு வழியில்லாமல் அம்மா தன் தம்பியை வரச் சொன்னார். மாமா கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருந்தார், தொழிற்சாலை வேலை. எதையும் தட்டியே குணப்படுத்துகிறவர். எங்கள் ரேடியோ அவர் தட்டியதில்தான் ஓய்வு பெற்றது. ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி வந்து, முதலில் வைரஸ் என்றார். அப்புறம் வயர் என்றார். அதற்கும் அப்புறம் இந்தப் பக்கத்துக் கரண்டே சரியில்லை என்றார். எல்லாம் பொய்த்த பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே விசிறி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உள்ளங்கை அளவு விசிறி. அதன் இறக்கைகளில் பிசினும் கரியும் தூசியும் கம்பளிபோல் அப்பியிருந்தன. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை குப்பென்று அடித்தது. மாமா முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இதுக்குமா சாம்பிராணி போட்டே? மூச்சு விடுற ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சுலா. சூடு ஏறி ஏறித்தான் ஹேங் ஆவுது."

பேச்சு நீள நீளச் சூடு ஏறும், ஏறினால் நின்றுவிடும். அம்மாவின் கேள்வி கடைசியில் வந்ததுதான் அது செய்த குற்றம். என் துப்பும் துலங்கியதில் எனக்கு ஒரே சந்தோஷம். பழைய பல் பிரஷால் நானும் மாமாவும் சுரண்டி எடுத்தோம். அன்று பொழுது சாயும்வரை விளையாடிப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணிச் சட்டியைச் சமையலறையோடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. பேச்சு பரீட்சையைத் தாண்டி, மீனைத் தாண்டி, முறுக்கையும் தாண்டியது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"தீபாவளிக்கு வருவீங்கதானே?"

அப்பா நின்றுவிட்டார், அதே பாதி திறந்த வாயோடு. நான் பாய்ந்து மௌஸைப் பிடித்தேன். அம்பு ஓடியது. கடிகாரமும் ஓடியது. அப்பாவின் தலைக்குப் பின்னால் சுவர் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கொடியில் யாருடைய சட்டையோ ஆடிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் அசையவில்லை. இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, பின்னால ஃபேன் சுத்துதும்மா," என்று அம்மாவின் காதில் சொன்னேன்.

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நின்றுபோன அப்பாவிடம் சற்று உரக்கவே பேசினார்.

"இந்தக் கம்ப்யூட்டரு இன்னும் சரியாகலைங்க. தம்பி வந்து பார்த்தும் அப்படியேதான் ஹேங் ஆவுது. நீங்க போயி சாப்பிடுங்க, நாம அப்புறம் பேசலாம்."

அப்பாவின் கண்கள் ஒரு தடவை மூடித் திறந்தன. அம்மா அணைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் மாமாவும் அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததை இப்படி அநியாயமாகச் சொல்லலாமா? கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அன்று முழுக்க அம்மாவின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணிச் சட்டி மறுபடி கூடத்துக்கு வந்தது. நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் குறுக்கே நின்றேன்.

"மாமா காட்டக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"பரவால்லலா, தள்ளுடி," என்று அம்மா தாராளமாகவே அள்ளிப் போட்டார்.

வர முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை, அதை அவர் வாயால் கேட்க அம்மாவுக்கும் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. அன்று நான் பெட்டியின் பின்னால் குந்திக்கொண்டு, அந்தப் புகை ஓட்டைகளுக்குள் போவதைப் பார்த்தபடி, இனி மாமா மறுபடி ஃபெரி ஏறி வரவேண்டுமே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.