நான் கேட்ட பிரிட்ஜ்

என் மகள் அடுத்த அறையில் இருந்துகொண்டே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போனின் படத்தை அனுப்பினாள். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து கேட்டால் நான் உடனே ‘இல்லை’ என்று சொல்லிவிடுவேன் என்ற முன்யோசனை. பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது, நல்ல ரிசல்ட். அவளுடைய வகுப்புத் தாய்மாரின் குழுவில் ஒரு கிழமையாக வேறு கதையில்லை. ஒருவர் மகளுக்கு வாங்கிய ஸ்கூட்டியின் சாவியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். இன்னொருவர், இப்படியெல்லாம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நீளமாக எழுதினார். அவர் தன் மகனுக்கு லாப்டொப் வாங்கிக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

படத்தை என் கணவரிடம் காட்டினேன். அவர் விலையை மட்டும் பார்த்தார்.

“எங்களுக்கு ஆர் வாங்கித் தந்தவை? நாங்கள் படிக்கேல்லையே?”

“எனக்கு வாங்கித் தந்தவை. பிரிட்ஜ்,” என்றேன்.

“ஐயோ, அந்தக் கதையைத் தொடங்காதையும்,” என்று அவர் எழுந்து போய்விட்டார். அவர் பலமுறை கேட்ட கதை. நீங்கள் கேட்கவில்லையே, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருடங்கள்தான். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து எங்கள் வீட்டில் ஒருநாள் கருவாட்டு மணம் இருக்கும், ஒருநாள் எண்ணெய் மணம். கோயில் மணியும் சேர்ச் மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அம்மா எந்த மணிக்கும் கும்பிடுவார். கடவுள்மார் கோபிக்கமாட்டினம் என்பது அவருடைய கட்சி.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். குளிசை போதாது, இனி இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலையிலும் பின்னேரமும் போட வேண்டும். மருந்துப் போத்தலைக் கொழும்பு வெக்கையில் வெளியே வைக்கக்கூடாது. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஜெஸீமா மாமியிடம் இருந்தது. அம்மாவின் சிநேகிதி. அவருடைய பிரிட்ஜில், வட்டிலப்பத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், அம்மாவின் போத்தல் குடியிருந்தது. காலையில் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போவார், கதவைத் தட்டுவார், மருந்தை ஊசியில் எடுத்துக்கொண்டு வருவார். பின்னேரமும் அப்படித்தான். ஆனால் பின்னேரம் போனால் திரும்பிவர நேரமெடுக்கும். இருவரும் என்னதான் கதைப்பார்களோ, சோறு வேகும்வரை கதைப்பார்கள்.

நோன்பு மாதம் வந்தது. ஜெஸீமா மாமி வீட்டில் விடியமுன் எழும்பி ஸஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டுத் திரும்பவும் படுப்பார்கள். அந்த நித்திரையைக் குழப்பக்கூடாது என்று அம்மா தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காலை ஊசியை விட்டுவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பெருநாள் முடிவதற்குள் காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் நின்றது, தலை சுற்றியது, ஒருநாள் கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார். கிளினிக்கில் டொக்டர் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இப்படியே போனால் காலை வெட்டி எடுக்க வேண்டி வரும் என்று அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாராம். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

ஜெஸீமா மாமி கேள்விப்பட்டு ஓடிவந்தார். “ஏன் தட்டல்ல நீங்க? ஒரு தட்டு தட்டினா நான் எழும்ப மாட்டேனா? என்னய அப்பிடியா நினச்சீங்க?” என்று அழுதார். அம்மாவும் அழுதார். அழுது முடிந்து இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். ஆனால் எனக்கு அம்மாவைத் தெரியும். அடுத்த நோன்புக்கும் அவர் தட்டமாட்டார்.

பிரிட்ஜ் வாங்குவோம் என்று அப்பா சொல்லாமல் இல்லை. “என்ர ஒரு போத்தலுக்கு ஒரு பிரிட்ஜோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்,” என்று அம்மா அந்தக் கதையை அங்கேயே முடித்துவிட்டார். தனக்கென்று ஒரு சாமானும் வீட்டுக்குள் வரவிடமாட்டார். புதுச்சேலை என்றால்கூட, “பிள்ளைக்குப் பிறகு உதவும்” என்று சொல்லித்தான் வாங்குவார். எங்கள் வீட்டில் என் பெயரைச் சொல்லித்தான் எதையும் வாங்க முடியும்.

இந்த நேரத்தில்தான் என் ஏ.எல். ரிசல்ட் வந்தது. சோதனைக்கு முன் அம்மா கோயில் வாசலில் வைத்து எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: “பாஸ் பண்ணு. நீ என்ன கேட்டாலும் வாங்கித் தருவம்.” நான் என்ன கேட்பேன் என்பது வீட்டுக்கே தெரியும். புறக்கோட்டையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் மெல்லிய தங்க நிறப் பட்டியோடு ஒரு கைமணிக்கூடு இருந்தது. பஸ் மாறும்போதெல்லாம் அதைப் போய்ப் பார்ப்பேன். விற்றுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார். “வடிவான மணிக்கூடுதான்,” என்றார். கடைக்குள் போகவில்லை. பக்கத்துக் கூல் பாருக்குள் போய் எனக்குப் பலூடா வாங்கித் தந்தார். அப்பா பலூடா வாங்கித் தருகிற ஆள் இல்லை.

“பிள்ளை, அம்மாட்ட ஒரு பிரிட்ஜ் கேப்பியே?”

“நான் ஏனப்பா பிரிட்ஜ் கேக்கோணும்?”

“நான் வாங்கினா அவ கடைக்கே திருப்பி அனுப்பிப்போடுவா. நீ கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலாது. கோயிலில வாக்குக் குடுத்தவ.” கொஞ்சம் பொறுத்து, “ரெண்டும் வாங்கேலாது பிள்ளை,” என்றார்.

கையில் கிளாஸ் குளிர்ந்துகொண்டு இருந்தது. அம்மாவின் காலை நினைத்தேன், மணிக்கூட்டையும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மணிக்கூட்டைத்தான் கூட நேரம் நினைத்தேன். பலூடாவை அடிமட்டும் உறிஞ்சி முடித்துவிட்டு, “சரி,” என்றேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அம்மா, எனக்குப் பிரிட்ஜ் வேணும்.”

துருவலை நின்றது. “என்ன வேணும்?”

“பிரிட்ஜ்.”

“மணிக்கூடெல்லே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீ? பிரிட்ஜ் உனக்கு என்னத்துக்கு?”

இந்தக் கேள்விக்கு அப்பாவும் நானும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “ஐஸ்பழம் செய்ய.”

முன் ஹோலில் பேப்பருக்குப் பின்னால் அப்பா இருமினார். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பாதித் தேங்காயைத் திரும்பவும் துருவலையில் வைத்தார். “சரி. கோயிலில சொன்னது,” என்றார்.

ஒழுங்கைக்குள் லொறி வரவில்லை. நாலு பேர் பிரிட்ஜைத் தூக்கி வந்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் முன்னால் நடந்து, “ஹெமின் மல்லி, ஹெமின்,” என்று வாசல்வரை மெல்ல மெல்ல வரப்பண்ணினார். குசினிக் கதவுக்குள் அது நுழையவில்லை. அதனால் முன் ஹோலிலேயே, வருகிறவர்கள் எல்லாரும் காணும்படி நின்றது. அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, மேலே ஒரு பூவேலைத் துணியும் விரித்தார். ஜெஸீமா மாமி வந்து கதவைத் திறந்து பார்த்தார். “நல்ல பெரிசு,” என்றார். மூடிவிட்டு, “இனி காலையில ஒங்கட செருப்புச் சத்தம் கேக்காதே,” என்றார். அம்மா பின்னேரங்களில் மட்டும் கதைக்கப் பழையபடி போய்க்கொண்டிருந்தார்.

பிரிட்ஜ் வந்த அன்றைக்கே ஜெஸீமா மாமி தன் கையாலேயே மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, நேராகப் பிரிட்ஜுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்.

“பிள்ளை, இதை உன்ர பிரிட்ஜில ஒரு மூலையில வைக்கட்டே?”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றார். “வையுங்கோ,” என்றேன். கதவில் முட்டை வைக்கிற குழிகள் இருந்தன. அதில் ஒன்றில் போத்தலை இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

அந்தச் சந்தோஷம் எனக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. சான்றிதழ் எடுக்கப் பள்ளிக்கூடம் போன அன்று, என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தியின் கையில் அதே மணிக்கூடு. அவள் அன்று முழுக்க இல்லாத மயிரை எல்லாம் நெற்றியிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். “உனக்கு என்னடி?” என்று கேட்டவர்களுக்குப் பிரிட்ஜ் என்று சொன்னேன், சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. சொந்தக்காரர்கள் வேறு. வெள்ளவத்தைப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பிரிட்ஜைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐஸ்பழம் சூப்பிற வயசே உனக்கு? தாய் தேப்பன்ர காசைக் கரைக்கிறதுக்கு ஒரு ஆசை,” என்றார். எனக்குக் கண் முட்டிவிட்டது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பெரியம்மாவுக்கு முன்னால் தண்ணீர்க் கிளாஸை வைத்தார், குளிர்ந்த தண்ணீர்.

“அவள் கேட்டபடியால்தான் அக்கா நான் இப்ப ஒழுங்கா ஊசி போடுறன்,” என்றார்.

அதற்குமேல் அவர் அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. அப்பாவும் நானும் நடத்திய நாடகம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனாலும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. “பிள்ளை, மீன் வைக்கட்டே, மணக்குமோ?” “பிள்ளை, புளிச்ச மாவை எடுத்துப்போட்டு இதை வைக்கட்டே?” காலையிலும் பின்னேரமும் கையில் அந்தச் சின்னப் போத்தலோடு, “பிள்ளை, எடுக்கிறன்,” “பிள்ளை, வைக்கிறன்.” முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், நான் அதிகாரமே பண்ணத் தொடங்கினேன். “மீனை மூடி வையுங்கோ. ஐஸ்பழத்தில மணக்குது.” அம்மாவும் “ஓம் பிள்ளை,” என்று மூடி தேடுவார். அதுவரை எனக்குச் சொல்லத்தான் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கேட்டுச் செய்ய ஒருவரும் இருந்ததில்லை.

முதல் சம்பளத்தில் அந்த மணிக்கூட்டை நானே வாங்கினேன். அதே பட்டிதான். கையில் கட்டிப் பார்த்தபோது அவ்வளவு வடிவாக இருக்கவில்லை. அந்தக் கண்ணாடியில்தான் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

அப்பா காலமான பிறகு, நானும் கணவரும் இருந்த வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு அம்மா வந்தார், பிரிட்ஜும் வந்தது. ஒருநாள் அதன் மோட்டர் நின்றுவிட, பழைய சாமான் வாங்குகிறவர் தூக்கிக்கொண்டு போனார். நானும் கணவரும் புதிது வாங்கினோம். அதற்கும் அம்மா என்னைத்தான் கேட்டார். “மாமி, உங்கட வீடுதானே, ஏன் எப்ப பாத்தாலும் கேக்கிறியள்?” என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். “அது பிள்ளையின்ர பிரிட்ஜ் தம்பி,” என்றார் அம்மா. கண்மூடும்வரை இரண்டு காலோடும் நடந்து வந்து கேட்டார்.

கொட்டாஞ்சேனை வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். ஜெஸீமா மாமியின் பிள்ளைகள் தெமட்டகொடைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அந்த ஒழுங்கையில் காலையில் யாரும் யாருடைய கதவையும் தட்டத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் எல்லாம் இருக்கிறது.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிக் கொடுக்கத்தான் போகிறோம். விலைகூடிய சாமான் பிள்ளையைக் கெடுக்குமா, கெடுக்காதா என்று எனக்குத் தெரியாது. குழுவில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னவுடன் மகள் சுவரைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். “தேங்க்ஸ் அம்மா! என்ர பழைய போனை நீங்க எடுங்கோ, என்ன?” என்றாள். இப்போது எல்லா வீட்டிலும் தாய்க்குக் கிடைப்பது பிள்ளையின் பழைய போன்தான். என் போனின் கண்ணாடி வெடித்திருப்பதை அவளாவது கவனித்திருக்கிறாளே.

இன்று காலை பிரிட்ஜைத் திறந்தேன். கதவில் முட்டைக் குழி ஒன்றுக்குள் மகள் முகத்துக்குப் பூசுகிற ஏதோ ஒரு சின்னப் போத்தலை இறக்கி வைத்திருந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அவளுடைய வீடுதானே. கதவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. “வையுங்கோ அம்மா,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.