லியோகாடியா அழிக்கச் சொன்ன படம்

லியோகாடியா இஸ்திரி போட்ட சட்டையில் சுருக்கம் கண்டுபிடித்தவர் சிலி நாட்டின் கொப்பியாப்போ ஊரில் கிடையாது. அவள் துணி கொண்டுபோகும் பெரிய வீடுகளில், பிள்ளைகளின் படங்கள் கண்ணாடியில் பதிந்து வெல்வெட் பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொன்றும் மெழுகுவத்தி மாதிரி விறைத்து நிற்கும். தன் மகன் தீமோவும் அப்படி நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மலைமேல் வெள்ளிச் சுரங்கத்தில் வேலை செய்யும் புருஷன் எவாரிஸ்தோவும், "அடுத்த தடவ வரும்போது பையன் படத்த மேல கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

1861 கோடையில் படக்காரர் தோன் பெலாயோவிடம் போனாள். படம் பதியும்வரை ஒன்றரை வயதுப் பிள்ளை அசையாதிருக்க, தாய் கறுப்புத் துணிக்குள் ஒளிந்து பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் வீட்டில் துவைத்த துணிக் குவியலுக்குள் அம்மாவைத் தேடிப் பிடிப்பதுதான் தீமோவுக்குத் தினப்படி விளையாட்டு. சும்மா இருப்பானா? திரும்பித் துணியை இழுத்துச் சிரித்தான்.

"ரெண்டு தலையா வந்திருக்கே. என் மூக்கு வேற தெரியுது" என்றாள் லியோகாடியா.

"சிரிப்பு நல்லா விழுந்திருக்கும்மா. வச்சுக்க."

"பெரிய வீட்டுக்காரங்க பாத்தா சிரிப்பாங்க. அழிச்சிடுங்க. அடுத்த மாசம் வரேன்."

அவர் அரைமனதாகக் கண்ணாடியைச் சுரண்டிக் கழுவினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த மாதம் தீமோ தொண்டை அடைப்பில் போய்விட்டான். சின்னப் பிள்ளை செத்தால் வானதூதனாகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஞானஸ்நானத்தில் அவனை ஏந்திய ஞானத்தாய் ருஃபினா அவனுக்கு வெள்ளை உடுத்தி, காகித இறக்கை கட்டி, மேசைமேல் நாற்காலியில் உட்கார வைத்தாள். "அழாதடி. பிள்ளையோட இறக்கை நனைஞ்சா மேல எப்படிப் பறப்பான்?" என்று அதட்டினாள். தோன் பெலாயோ வந்து படம் எடுத்தார். பிடித்துக்கொள்ள யாரும் தேவைப்படவில்லை. இம்மிகூடக் கலையாத படம். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். லியோகாடியாவோ, தான் கேட்டதைத்தான் கடவுள் கொடுத்துவிட்டார் என்று நினைத்தாள்.

சேதி கேட்டு எவாரிஸ்தோ இறங்கி வந்தபோது புதைத்தாகிவிட்டது. படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"இது யாரு? நம்ம பய இப்படி உக்கார மாட்டானே."

மறைத்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "சிரிச்ச படம் ஒண்ணு இருந்துச்சு. நாந்தான் அழிக்கச் சொன்னேன்" என்றாள்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவனோ பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் சிரிச்சான்? சொல்லு" என்றான். துணியை எந்தக் கையால் இழுத்தான், பல் தெரிந்ததா என்றெல்லாம் கேட்டான். அவள் சொன்னாள்.

சுரங்கத்துக்குத் திரும்பும்போது படத்தை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு இறங்கி வரும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றியதும், "சொல்லு" என்பான். அவளும் ஒன்றுவிடாமல் சொல்வாள், அழிக்கச் சொன்னதையும் சேர்த்து.