ஆமென் என்றால் ஆமோதிக்கிறேன்

என்னை மூப்பராகத் தேர்ந்தெடுத்த மறுநாள் பள்ளிக்கூடத்தில், பக்கத்து வகுப்பு டீச்சர் என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, "நாப்பத்தாறு வயசுலயே மூப்பரா? டை அடிக்கிறத நிறுத்திட்டியா?" என்று கேட்டாள். மூப்பர் என்றால் வயதானவர் இல்லை, சபையை நடத்துகிறவர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுடைய கோயிலில் தர்மகர்த்தா சொன்னால் விஷயம் முடிந்தது. எங்கள் ஊரின் வேறு சில சபைகளில் பிஷப் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாங்கள் பிரஸ்பிட்டேரியன்கள். எங்களுக்கு எதுவும் லேசில் முடியாது.

திண்டிவனத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற எங்கள் சபையில் மூப்பர்கள் ஏழு பேர். சபையார்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஏழு பேரும் மாதம் ஒருமுறை கூடுவதற்கு செஷன் என்று பெயர். போதகர் ஐயா தலைமை தாங்குவார். ஆனால் யாராவது வராமல் போய் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும்தான் அவர் ஓட்டுப் போட முடியும். அப்படி ஒரு இக்கட்டு வந்துவிடக் கூடாது என்று அவர் வீட்டிலேயே தனியாக ஜெபித்துவிட்டு வருவார் என்பது என் சந்தேகம். எரியாத டியூப்லைட்டை மாற்ற வேண்டுமென்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அதற்குள் இன்னொருவர் ஃபேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கீபோர்டு வாங்கலாமா என்று ஆராய்வதற்கு ஒரு கமிட்டி போட்டோம். நான் மூப்பராவதற்கு முன்பே போட்ட கமிட்டி அது. இன்னும் ஆராய்ந்துகொண்டே இருக்கிறது.

கீபோர்டு இல்லாத சபையில் பாட்டின் முதல் அடியை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் சபையில் அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம்!" என்று காலமெல்லாம் கூவிய தொண்டை அது, மைக் தேவையில்லை. சபையாருக்கு எதிரே நின்று, கண்ணை அகல விரித்து, அவர் முதல் அடியை எடுத்தால் ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்களுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும், ஆராதனை ஆரம்பித்தாயிற்று என்று.

ஆனால் பஸ் இன்ஜின் அவர் காதைத் தின்றுவிட்டது. இரண்டொரு வருடமாக அவர் சுருதி மேலே போய்க்கொண்டே இருந்தது. தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் ஏற்றுவார். நாங்கள் பின்னாலேயே ஏறுவோம். மூன்றாவது சரணத்தில் ஆண்கள் கைவிட்டுவிடுவார்கள். நான்காவதில் நாங்கள் பெண்கள் மட்டும், வால் மிதிபட்ட பூனைகளைப் போல. விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், "எனுக்கு இன்னா செவுடா? நீ முணுமுணுன்னு பேசறதுக்கு நான் இன்னா பண்றது?" என்று எகிறுவார். பாட்டைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிடுவதைப் பார்க்கிறவளுக்கு எப்படி வாய் வரும்?

செஷனில் என்னை வைத்துக்கொண்டு யாரும் இதைப் பேசத் துணியவில்லை. ஆனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் மூத்த மூப்பர் ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர். ஒரு கூட்டத்தின் முடிவில் ஐயா அவரை ஜெபிக்கச் சொன்னார். அவருடைய ஜெபம் எப்போதும் நீளம். மழைக்கு, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு என்று ஒரு சுற்று போய் வந்தவர், கடைசியில் குரலைக் குழைத்து, "ஆண்டவரே, இத்தன வருஷமா மொத அடிய எடுத்துக் குடுத்துக்கினு வர்ற எங்க கண்டக்டர் அண்ணனுக்கு இளைப்பாறுதலைத் தாரும். அந்த எடத்துல இன்னொருத்தரை எழுப்பும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது முட்டிவலி. ஐயோ பாவம், மனுஷன் முட்டிக்காக எவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறார் என்று நெகிழ்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் "ஆமென்" சொன்னேன். அந்த இன்னொருத்தர் யார் என்று யோசிக்கக்கூட இல்லை. மீதி ஆறு பேரும் ஆமென் சொன்னார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த செஷனில்தான் குண்டு வெடித்தது. எங்கள் செயலர், விழுப்புரம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவர், போன கூட்டத்தின் தீர்மானங்களை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். "பாட்டு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து கண்டக்டர் அவர்களுக்கு ஓய்வு அளிப்பதென்றும், வேறொருவரை நியமிப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"யாருங்க தீர்மானிச்சது?" என்றேன்.

"நாமதாங்க, டீச்சரம்மா. ஏழு பேரும் ஆமென் சொன்னோமில்ல?"

"அது ஜெபங்க!"

"ஆமென்னா ஆமோதிக்கிறேன்னுதானங்க அர்த்தம்?" என்றார் அவர், சிரிக்காமல். மண்டிக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா பைபிளைப் புரட்டினார். இந்தக் கேள்விக்கு அதில் வசனம் இல்லை போலிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் டீயைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருக்கு நன்றியும் இளைப்பாறுதல் வாழ்த்தும் சொல்லிப் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள். அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "இளைப்பாறுதலா? நான் செத்துப்போறதுக்கா ஜெபம் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லியே," என்றார். அதையே மறுபடியும் சொன்னார். பிறகு எழுந்து போய், தொங்கிக்கொண்டிருந்த சட்டையை எடுத்து மடித்து பீரோவில் வைத்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். நன்றாகவே பாடினாள். நான்காவது சரணம் வரைக்கும் ஆண்கள் பாடினார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அடிகூட அவர் சேர்ந்து பாடவில்லை.

செயலரைப் பிடித்து, இதை மறுபடி எடுக்க என்ன வழி என்று கேட்டேன். அவருக்குச் சட்டம் பேசுவதென்றால் பாயசம் சாப்பிடுவது மாதிரி. "மொதல்ல ஆமோதிச்சவங்கதான் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேக்க முடியுங்க," என்றார்.

"நான்தான் எல்லாரையும் விடச் சத்தமா ஆமென் சொன்னேனே!"

"அப்ப உங்களுக்கு முழுத் தகுதி இருக்குதுங்க."

அடுத்த செஷனில் எழுந்து நின்றேன். இந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், சபையாரையே கூட்டி, அவரை எதிரே வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். வழிமொழிவது யார் என்று செயலர் பேனாவும் கையுமாக ஒவ்வொருவராகப் பார்த்தார். ஃபேன் மட்டும் கடகடத்தது. வழிமொழிய ஆளில்லாவிட்டால் என் பேச்சு அங்கேயே செத்துவிடும். கடைசியில் மண்டிக்காரர்தான் கையைத் தூக்கினார். "டீச்சரம்மா சொல்றது நாயந்தான். மொகத்தப் பாத்துச் சொல்ல எனுக்கு வாய் வர்ல. அதான் ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டேன்," என்றார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லார் எதுருலயும் கேப்பாங்களா?" என்றார். சனிக்கிழமை சட்டை மறுபடி வெளியே வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. சபையில் எனக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். எல்லோரும், "அண்ணனுக்கு விரோதமா நாங்க கை தூக்குவோமா அக்கா?" என்றார்கள். ஜெயித்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் சபையார் யாரும் எழுந்து போகவில்லை. பிரியாணி போடுகிற நாளில்கூட இவ்வளவு பேர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வார்த்தையும் மெல்லாமல், பளிச்சென்று கேட்டார்: "பாட்டு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை நம்ம கண்டக்டர் அண்ணன்கிட்டயிருந்து வேறு ஒருவருக்கு மாற்றலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்."

ஒரு கைகூட எழவில்லை. மண்டிக்காரர் தன் கை தவறிப்போய் எழுந்துவிடுமோ என்று அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தால், என் பக்கத்தில் ஒரு கை நேராக மேலே நின்றது. என் வீட்டுக்காரருடைய கை.

இந்த மனுஷனுக்குக் கேள்வி காதில் விழவில்லை என்று பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காதோரம் போய், "ஏங்க, கைய எறக்குங்க. உங்கள மாத்தலாமான்னு கேக்குறாங்க," என்றேன்.

"தெரியும்," என்றார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. சபை முழுவதற்கும் கேட்டது. "நான் ஆரம்பிச்சதும் எதுருல ஒக்காந்துக்கினு இருக்கறவங்க மொகம் போற போக்கு எனுக்குத் தெரியாதா? காதுதான் மந்தம். கண்ணு நல்லாத்தான் இருக்குது. நானா உட்டுட்டுப் போவ மனசு வர்ல. இப்பக் கேட்டாங்க, குடுக்கறேன்."

செயலர் எண்ணுவதற்குத் தயாராக நின்றார். எண்ண ஒரே ஒரு கைதான் இருந்தது. நர்ஸ் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து, சபையார் பக்கம் திரும்பி, "இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? ஜல்தியா தூக்குங்க. பசிக்குது," என்றார்.

முதலில் மண்டிக்காரர் கை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு எல்லாக் கைகளும். நான் மட்டும் மடியில் பைபிளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் கையைத் தோள் வரைக்கும் தூக்கினேன். அதற்கு மேல் அது வரவில்லை. செயலருக்குத் தெரிய வேண்டுமே என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.