புத்தகத்தில் இல்லாத வரி

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரில் முப்பத்தோரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் டெஸ்மண்ட் ஓல்ராய்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் மாதம் வந்துவிட்டால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார். சமையலறை மேசையில் கணினியை விரித்துவைத்துக்கொண்டு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவார். எல்லாம் விக்டோரியா ராணி காலத்துக் குறுநாவல் ஒன்றைப் பற்றித்தான். பெற்ற மகளையே ஒதுக்கிவைத்த மில் முதலாளியின் கதை அது. அந்த ஆள் பேசும் பேச்சிலிருந்து அவர் குணம் எப்படித் தெரிகிறது என்பது இந்த வருஷக் கேள்வி.

புத்தகத்தைப் பார்க்காமல், மனப்பாடமாக மேற்கோள் காட்டி எழுத வேண்டும். நினைவு தடுமாறி, இல்லாத வரியையெல்லாம் சிலர் எழுதிவைப்பார்கள். டெஸ்மண்டிடம் அந்தப் பாச்சா பலிக்காது. 'நூலில் இல்லை' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு, மார்க் பூஜ்யம், அவ்வளவுதான். அப்படியொரு கறார் பேர்வழி.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. பதினேழாவது தாள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

'"நீ என் வீட்டில் இருக்கலாம், என் பேச்சில் இருக்க வேண்டாம்" என்கிறார் முதலாளி. நிஜமாகவே கோபம் வந்தவன் இப்படி அழகாக வாக்கியம் கட்ட மாட்டான். இவர் வழியெல்லாம் யோசித்து, செதுக்கி எடுத்துவந்து, குரலை உயர்த்தாமல் சொல்கிறார். கொடுமை அந்த வார்த்தைகளில் இல்லை, அவற்றைத் தயார் செய்த நேரத்தில் இருக்கிறது.'

அடேயப்பா, என்ன எழுத்து! இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் இப்படி எழுதியதில்லை. ஆனால் வரி நாவலில் இல்லையே! குறிப்பு எழுதக் கை போனது. பாதியில் நின்றது.

அந்த வரியைச் சொன்னவர் அவரேதான். மகள் லோர்னா பதினாறு வயதில், அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே, ஆங்கிலத்தில் தோற்றாள். சக ஆசிரியர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? காரில் வரும்போதே வாக்கியத்தை யோசித்துக்கொண்டு வந்தார். மாடிப்படியில் வைத்துச் சொன்னார். சொன்னபடியே அவளோடு பேசாமல் நடந்தும் காட்டினார், பாவி மனுஷன். இரண்டு வருஷத்தில் அவள் வீட்டைவிட்டுப் போனாள். போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"மேவிஸ், லோர்னா இந்த வருஷம் பரீட்சை எழுதினாளா?"

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது. இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து எத்தனை காலம்!

"உனக்கு யாரு சொன்னது?"

"எழுதினாளா இல்லையா?"

"எழுதினா. நர்ஸ் படிப்புல சேர இது ஒண்ணுதான் குறையுது. ஏற்கெனவே ரெண்டு தடவை போயிடுச்சு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அவர் கணினியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். அந்த வரியில் கண் நின்றது. அன்று மாடிப்படிக்குக் கீழே நின்றவள்தானே அவளும்.

"படுபாவி," என்றாள். "எத்தனை மார்க் போடப்போற?"

"நான் போடக் கூடாது. தெரிஞ்சவங்க தாள்னா, காரணத்தைப் பாரத்துல எழுதித் திருப்பி அனுப்பணும். அதுதான் விதி."

"வேற ஒருத்தர் பார்த்தா?"

"நாவல்ல இல்லாத வரின்னு அடிச்சிடுவாங்க."

மேவிஸ் சட்டென்று குனிந்தாள்.

"அப்ப நீ எழுது. அந்தப் பாரத்துல எழுது. அவ தப்பா எழுதல, அது நான் சொன்னதுதான்னு எழுது."

திருப்பி அனுப்பும் பாரத்தில் உறவு என்ற இடத்தில் 'தகப்பன்' என்று தட்டினார். எப்படித் தெரியும் என்ற இடத்தில், 'மூன்றாம் பத்தியில் உள்ள வரி நான் அவளிடம் சொன்னது' என்று எழுதினார். பொத்தானை அழுத்தியதும் தாள் திரையிலிருந்து போய்விட்டது. அடுத்த பக்கத்தை அவர் படித்திருக்கவே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது.

மேவிஸ் அவர் தோளில் கை வைத்தாள். "இப்ப மார்க் கொடுப்பாங்கல்ல?"

"மாட்டாங்க," என்றார் டெஸ்மண்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானா இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்."

தோளில் இருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.