மணி அடித்தவர்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், புனேயில் ஹிஞ்சேவாடி ஐடி பார்க்கில், எங்கள் ஆபீஸில் ஒரு பித்தளை மணி தொங்கியது. புது ப்ராஜெக்டைப் பிடித்த டீம் அதை அடிக்கும்; தோற்ற டீம் நின்று கைதட்டும். அன்று மணி அடித்தது நாங்கள். கேக் வெட்டுவதற்கு முன் 'வின்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி, கோயம்புத்தூர்க்கார மேனேஜர் என் தலையில் கட்டியிருந்தார்.

அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உழைப்பது, போராடுவது, அல்லாடுவது என்றுதான் பொருளாம். ஜெயிப்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாம். "அந்தக் காலத்துக்காரனுக்கே நம்ம ஆபீஸைப் பற்றித் தெரிந்திருக்கிறது" என்று கடுப்பில் சேர்த்தும் விட்டேன். பின்னே? ஜெயித்த நாங்கள் இனி வீட்டையே மறக்க வேண்டியதுதான். தோற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கைதட்டினார்கள். கீழே அவர்களுடைய கேப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கோபப்படுவார் என்று பார்த்தால், கண் கலங்கிவிட்டார். "இதுதானுங்க நம்ம டீம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு பரிசாக எங்களுக்கு ஆளுக்கு இரண்டு டி-ஷர்ட் கொடுத்தார். ஒன்று சனிக்கிழமை போட்டுக்கொண்டு வர. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைக்கு.