நடுங்கும் பொத்தான்கள்

அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மாத்திரையால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க அம்மா பழகிக்கொண்டாள். போன்தான் அவளுக்கு வசப்படவில்லை.

போன வருடம் நல்லம்பள்ளிப் பெரியப்பா இறந்துபோனார். அவர் மகன், எனக்கு அண்ணன், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் போட்டிருந்தார். எல்லோரும் கும்பிடும் கையைப் போட்டார்கள். அம்மாவும் அதைத்தான் தொடப் போனாள். விரல் தள்ளிப் பட்டு, சாவுச் செய்திக்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அது தெரியவும் இல்லை.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“என்னங்க சித்தி, எங்கப்பன் செத்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்குதுங்களா?”

“ஐயோ சாமி, நான் கும்புடற கையத்தானே போட்டேன்…”

அதற்குள் வைத்துவிட்டார். நான் திருப்பிக் கூப்பிட்டு நடுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். “சரி, வுடு” என்றார். நம்பியதாகத் தெரியவில்லை. காரியத்துக்குப் போன இடத்திலும் அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அரூரில் வீட்டில் இருந்தபடியே இணையதளங்கள் வடிவமைப்பது என் வேலை. பொத்தான் எந்த அளவில், எந்த நிறத்தில் இருந்தால் ஆட்கள் தயங்காமல் அழுத்துவார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவள். அண்ணன் நம்பாத ஆத்திரத்தில் அதற்கு நேர்மாறாக ஓர் இணையப் பக்கம் செய்தேன். அம்மாவின் கையை வீடியோ எடுத்து, அதே நடுக்கத்தைப் பொத்தான்களுக்குக் கொடுத்தேன். திரையில் ஒரு சாவுச் செய்தி. கீழே கும்பிடும் கை, அழும் முகம், சிரிக்கும் முகம். எதைத் தொடப் போனாலும் நழுவி, பக்கத்தில் இருப்பது அழுந்தும். உடனே ‘அனுப்பப்பட்டது’ என்று வரும். திரும்ப எடுக்க வழி கிடையாது.

மென்பொருளை வேண்டுமென்றே கோணலாக்கிக் கலை செய்கிற ஒரு கூட்டம் இணையத்தில் உண்டு. அவர்கள் அதை ஓர் இணையக் கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். தன் அப்பா போன் பார்க்கும்போது இனி அவரை அவசரப்படுத்த மாட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். விளக்கி முடிப்பதற்குள் அவள் விரலை நீட்டிவிட்டாள். பொத்தானும் நடுங்கியது, விரலும் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நாலைந்து முறை முயன்றாள். சிரிக்கும் முகம் அழுந்தியது. ‘அனுப்பப்பட்டது.’

“ஐயையோ, மறுக்காவும் போயிருச்சே! யாருக்குப் போச்சு கண்ணு? நல்லம்பள்ளிக்காரங்களுக்கேவா?”

“யாருக்கும் போகலம்மா. இது நெசம் இல்ல. உன் கை மாதிரியே நான் பண்ணுனது.”

அவள் திரையையே பார்த்தாள். “என் கை நடுங்கறதையா ஊருக்கெல்லாம் காட்டுன?”

அவள் திட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்: “நடுங்கற மாதிரி பண்ணத் தெரியுது. நடுங்குனாலும் தப்பாப் போகாத மாதிரி பண்ணத் தெரியாதா கண்ணு?”

தெரியாது என்று சொல்ல முடியவில்லை. தெரியும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு பொத்தானைக்கூட நகர்த்த எனக்கு உரிமை இல்லை. போனில் எழுத்துகளைப் பெரிதாக்கினேன். தொட்டவுடன் ஏற்காமல், விரல் ஒரு நொடி நின்ற பிறகே ஏற்கும்படி வைத்தேன். சில வாரம் பரவாயில்லை. பிறகு நடுக்கம் கூடி, அந்த ஒரு நொடிக்குள்ளேயே விரல் விலகிப்போனது.

கண்காட்சியிலிருந்து என் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் யார் யாரோ நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டு எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா தன் போனை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

“நீயே வெச்சுக்க. யாராச்சும் செத்தா எங்கிட்ட சொல்லு. பஸ் ஏறி நேர்ல போயிட்டு வந்துர்றேன்.”